திறந்த மூல மென்பொருளின் முன்வெளியீடும் பொதியாக்கமும்

1. பொருளும் நோக்கமும்

நூலொன்றை எழுதும் ஆசிரியர் அதனை அச்சிற்குக் கொடுக்கும் காலம் யாது என்பதில் பெரிதும் ஐயுறுவதில்லை. எழுத்துப்பணி முடிவுறும், மெய்ப்புத் திருத்தம் முடிவுறும், நூல் வெளிவரும். கணிப்பொறிக்கென எழுதப்படும் மென்பொருளின் இயல்போ வேறு. அது முற்றுப்பெற்றது என்று சொல்லத்தக்க நிலை பெரும்பாலும் வருவதே இல்லை. ஒரு குறை நீங்கின் மற்றொரு குறை புலப்படும்; ஒரு பயன் கைகூடின் மற்றொரு பயன் வேண்டப்படும். ஆதலின், முற்றுப்பெறாத ஒன்றை எப்பொழுது பிறர் கையிற் கொடுப்பது, எவ்வடிவிற் கொடுப்பது என்னும் இரு வினாக்களும் மென்பொருள் ஆக்குவோரை விடாது தொடர்கின்றன.

ஊதியம் கருதாத பலர் கூடி எழுதுகின்ற திறந்த மூல மென்பொருளில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. ஆங்கு வேலை வாங்கும் தலைவரும் இல்லை. வேலை செய்யும் கடப்பாடும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் அம்மென்பொருளைப் பெற்று, நிறுவிப் பார்த்து, பயனுண்டு என்று நம்பினாலன்றித் தம் உழைப்பை அதற்கு ஈயார். அந்நம்பிக்கை ஒருமுறை கெடின், மீண்டும் வருதல் அரிது.

இவ்வகையில் இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. குறைகளைந்து செம்மை செய்த பின்னரே வெளியிடல் வேண்டும் என்பது ஒன்று. முற்படவும் அடிக்கடியும் வெளியிடல் வேண்டும் என்பது மற்றொன்று. இப்பின்னைய கொள்கையை எரிக் ரேமண்டு என்பார் 1997இல் கதீட்ரலையும் சந்தையையும் ஒப்பிட்டு எழுதிய தம் கட்டுரையில் விரித்துரைத்தார். அன்று தொட்டு அது பலராலும் எடுத்தாளப்படுகின்றது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று வழக்கிடுதல் நம் நோக்கமன்று. முற்பட வெளியிடுதலாற் கேடு விளைவதில்லை என்பதும், வெளியீட்டின் எண்ணும் உரிமமும் பொதியும் அதன் உண்மை நிலையினின்று வேறுபடும்பொழுதே கேடு விளைகின்றது என்பதும் நம் துணிபு. லினக்ஸ், டெபியன் என்னும் இரு பெரும் முயற்சிகளின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

2. சில சொற்களின் பொருள்

மேற்செல்லுமுன் சில சொற்களை வரையறுத்துக் கொள்ளுதல் நலம். மக்கள் படித்தறியக் கூடிய வகையில் நிரலர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். அதனைக் கணிப்பொறி நேரே இயக்கத்தக்க வடிவிற்கு மாற்றுவது தொகுப்பி. மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தருகின்ற ஆவணம் உரிமம். குறித்ததொரு நாளில், குறித்ததோர் எண்ணுடன், 'இதனைக் கொள்க' என்று பிறர்க்கு அளிக்கப்படும் நிலையே வெளியீடு. நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் மூலநிரலுக்கும் வெளியீட்டிற்கும் உள்ள வேறுபாடு, ஆசிரியரின் கைப்படிக்கும் அச்சிட்ட பதிப்பிற்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது.

பொதி என்பது சிறிது விளக்கம் வேண்டுவது. ஒரு மென்பொருளின் கோப்புகளோடு, அதன் பெயர், எண், எவ்வகைப் பொறியில் இயங்கும் என்னும் குறிப்பு, அது சார்ந்து நிற்கும் பிற மென்பொருள்களின் பட்டியல், அதனைப் பேணுவோர் பெயர் ஆகியவற்றையும் ஒருங்கு சேர்த்துக் கட்டியதே பொதி. நிறுவுதல், புதுப்பித்தல், நீக்குதல் என்னும் மூன்றனையும் பயனர் கைவருத்தமின்றிச் செய்தற்கு இது வழிசெய்கின்றது. இவ்வாறு கட்டும் பணியைப் பொதியாக்கம் என்போம். மூலநிரல் எழுதுவோர் ஒருவராகவும் பொதி கட்டுவோர் மற்றொருவராகவும் இருத்தல் பெருவழக்கு. இவ்விருவரும் ஒருவரையொருவர் நேரிற் காணாதவராதலும் உண்டு. எனவே, இருவருக்கும் இடையே பேசுவன வெளியீட்டின் எண்ணும் அதனுடன் வரும் ஆவணங்களுமே என்பது உளங்கொளத் தக்கது.

3. லினக்ஸின் முதல் வெளியீடு

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதை மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர்க்கு அறிவித்தார். அவ்வறிவிப்பில் அவர் தம் ஆக்கத்தைப் பெரிதுபடுத்திக் கூறவில்லை. பொழுதுபோக்காகச் செய்வது என்றே குறித்தார். அடுத்த மாதமே, செப்டம்பர் 17இல், 0.01 என்னும் எண்ணுடன் மூலநிரல் வெளிவந்தது. அதன் அளவு ஏறத்தாழப் பதினாயிரம் வரிகள்.

இவ்வெளியீட்டின் குறைகள் பல. தனித்து நின்று இயங்கும் ஆற்றல் அதற்கில்லை. அதனைத் தொகுத்தற்கே மினிக்ஸ் வேண்டியிருந்தது. 386 வகைப் பொறியில் மட்டுமே அது இயங்கியது. விசைப்பலகை அமைப்பு பின்லாந்து நாட்டு வழக்கிற்கென்றே நிரலுள் எழுதப்பட்டிருந்தது. இத்துணைக் குறைகள் இருந்தும் அவ்வெளியீட்டை எவரும் பழித்திலர். காரணம் யாதெனின், 0.01 என்னும் எண்ணும் உடன் வந்த குறிப்பும் அக்குறைகளை மறையாது உரைத்தமையே. எண்ணைக் கண்டோர் எதிர்பார்த்ததற்கு மேலாகவே அது தந்தது. அக்டோபர் 5இல் 0.02 விரிவாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் சில கிழமைகளுக்கு ஒன்றாக வெளியீடுகள் தொடர்ந்தன.

முற்பட வெளியிட்டமையால் விளைந்த பயனுக்கு ஒரு சான்று காட்டுவோம். அந்நாளிற் பயனர் ஒருவரிடம் இருந்த கணிப்பொறியின் நினைவகம் இரண்டு மெகாபைட்டே. அதில் அவ்வியங்குதளத்தைத் தொகுக்க இயலவில்லை. நினைவகம் போதாதபொழுது வட்டினை அதற்கு ஈடாகக் கொள்ளும் வழியை டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிச் சேர்த்தார். 1992 ஜனவரியில் வந்த 0.12 வெளியீட்டில் அது இடம்பெற்றது. அந்நாளில் சிறிய இயங்குதளங்கள் பலவற்றில் இல்லாத இவ்வாற்றல் லினக்ஸின்பாற் பலரை ஈர்த்தது. ஆக்கியோர் தம் அறையில் தனித்திருந்து செம்மை செய்திருப்பின் இத்தேவை அவர்க்குப் புலப்பட்டிராது. பிறர் பொறியில் இயங்கிப் பார்த்தமையாலேயே அது வெளிப்பட்டது.

4. உரிமம்

0.12 வெளியீடு மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் தாமே எழுதிய உரிமம் ஒன்றினை வைத்திருந்தார். மூலநிரலைப் பகிரலாம், ஆயினும் அதற்கெனப் பணம் பெறலாகாது என்பது அதன் கருத்து. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட இவ்விதி நடைமுறையில் இடையூறாயிற்று. இணைய இணைப்பு அரிதாக இருந்த அக்காலத்தில் நெகிழ்வட்டுகளிற் படியெடுத்துத் தருவோரே மென்பொருளைப் பரப்பினர். வட்டின் விலையையும் படியெடுக்கும் செலவையும் பெறுதற்கும் அவ்விதி இடந்தரவில்லை. ஆகவே 0.12 வெளியீட்டின் குறிப்பில் உரிமத்தைக் குனூ பொது உரிமமாக மாற்றும் கருத்தை அவர் அறிவித்தார். 1992 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஈண்டு நாம் கொள்ளற்பாலது யாது? பொதி கட்டுவோர்க்கு முதன்முதல் வேண்டுவது நிரலின் திறமன்று. அதனைக் கட்டிப் பிறர்க்குத் தருதற்கான உரிமையே. உரிமம் இல்லாத வெளியீடு, பூட்டிய கதவின்பின் வைத்த விருந்தை ஒத்தது. உரிமத்தைப் பின்னர் முடிவு செய்வோம் என்று வெளியிட்டு, பலர் திருத்தங்கள் சேர்த்தபின் மாற்ற முற்படின், அத்துணைப் பேரின் இசைவும் வேண்டப்படும். டோர்வால்ட்ஸ் தொடங்கிய சில மாதங்களிலேயே மாற்றியதால் அது எளிதாயிற்று. காலந்தாழ்த்தியிருப்பின் அரிதாகியிருக்கும்.

5. எண்ணின் பொறுப்பு

முதல் வெளியீட்டிற்கு 0.01 என்று பெயரிட்டதில் காட்டிய அடக்கம் பின்னர் ஓரிடத்திற் பிறழ்ந்தது. 0.12க்குப் பின் 1992 மார்ச்சில் வந்த வெளியீட்டிற்கு 0.95 என்னும் எண் இடப்பட்டது. முதல் முழுப்பதிப்பாகிய 1.0 அண்மையிலேயே உள்ளது என்னும் எண்ணமே இத்தாவலுக்குக் காரணம். ஆயினும், கணிப்பொறிகளைப் பிணைக்கும் வலையமைப்புப் பகுதி எதிர்பார்த்ததினும் நெடுங்காலம் கொண்டது. எஞ்சியிருந்த எண்கள் சிலவே; செய்யவேண்டிய பணியோ மிகுதி. 1992 டிசம்பரில் 0.99 வந்தது. அதன்பின் அவ்வெண்ணின் கீழேயே திருத்த எண்கள் பதினைந்து வரை அடுக்கப்பட்டன. 1.0 வெளிவந்தது 1994 மார்ச்சு 14ஆம் நாள். அப்பொழுது நிரலின் அளவு 1,76,000 வரிகளுக்கு மேல்.

இரண்டு திங்களில் முடியும் என்று எண் உணர்த்தியது. முடிந்ததோ இரண்டு ஆண்டுகளில். இதனால் லினக்ஸ் கெட்டுவிடவில்லை. ஆனால், எண்ணென்பது ஆக்கியோர் தம் வசதிக்கு இட்டுக்கொள்ளும் அடையாளமன்று, பயனர்க்குத் தரும் வாக்கு என்பது இதனாற் போதரும். 1.0க்குப் பின் ஒரு தெளிவான முறை வகுக்கப்பட்டது. இரண்டாம் இலக்கம் இரட்டைப்படையாயின் நிலையான வரிசை என்றும், ஒற்றைப்படையாயின் ஆய்வு நிலையிலுள்ள வரிசை என்றும் கொள்ளப்பட்டன. 1.1 புதியன புகுத்தி ஆராய்வோர்க்கு, 1.2 பயன்கொள்வோர்க்கு. 2003இல் 2.6 வெளிவரும் வரை இம்முறை நிலவியது. எண்ணைக் கண்ட அளவிலேயே 'இது எனக்குரியதா?' என்னும் வினாவிற்கு விடை கிடைத்தமை இதன் சிறப்பு.

எண்ணிற்கு இயல்பான பொருளொன்று இல்லை. வழங்குவோர் அறிவித்த பொருளே அதன் பொருள். டானல்டு குனூத் என்பார் ஆக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண், 3.14, 3.141 என்று ஒவ்வோர் இலக்கமாக நீண்டு, வட்டத்தின் சுற்றளவிற்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தை அணுகிச் செல்கின்றது. புதியன புகுத்தப்படமாட்டா, பிழைதிருத்தம் மட்டுமே நிகழும் என்பதையே அவ்வெண் உணர்த்துகின்றது. வியப்பூட்டும் முறையாயினும் அது பொய்யுரைப்பதன்று.

6. பொதியின் தேவை

லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி மட்டுமே. கோப்பினைப் படியெடுக்கவும், உரையைத் திருத்தவும், நிரலைத் தொகுக்கவும் வேண்டிய கருவிகள் பிறரால் ஆக்கப்பட்டவை. அவற்றுட் பல குனூ திட்டத்தினுடையவை. இவற்றையெல்லாம் தேடிப் பெற்று ஒன்றுசேர்த்தல் வல்லுநர்க்கும் எளிதன்று. ஆகவே, 1992ஆம் ஆண்டிலேயே இவற்றைத் திரட்டித் தரும் முயற்சிகள் தோன்றின. மான்செஸ்டர் கணிப்பு நடுவத்தின் ஓவன் லெ பிளாங்க் அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு திரட்டினை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே எஸ்.எல்.எஸ். என்னும் திரட்டும் தோன்றிப் பெருவழக்குற்றது. அதனை அடியொற்றி 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் வந்தது.

அந்நாளைய திரட்டுகளில் பிழைகள் மலிந்திருந்தன. எஸ்.எல்.எஸ். திரட்டின் குறைகளால் மனநிறைவு பெறாத இயன் மர்டாக் என்னும் மாணவர் 1993 ஆகஸ்டு 16இல் டெபியன் முயற்சியை அறிவித்தார். ஒருவரே அனைத்தையும் கட்டாமல், பலர் தத்தமக்குரிய பொதிகளைப் பேணுதல் வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. 1994 ஜனவரியில் வந்த 0.91 வெளியீட்டில் எளிய பொதிமுறை ஒன்று இருந்தது. 1995 மார்ச்சில் வந்த 0.93 வரிசை வெளியீட்டிலேயே ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் இன்னார் என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டது.

டெபியன் பொதியொன்றினைப் பிரித்துப் பார்ப்பின் அதனுள் மூன்று உறுப்புகளைக் காணலாம். முதலாவது, பொதி எவ்வடிவின் எத்தனையாம் பதிப்பைச் சார்ந்தது என்னும் சிறு குறிப்பு. இரண்டாவது, பெயர், எண், சார்பு, பொறுப்பாளர் முதலிய செய்திகளும், நிறுவும்பொழுதும் நீக்கும்பொழுதும் செய்ய வேண்டுவனவும் அடங்கிய கட்டுப்பாட்டுப் பகுதி. மூன்றாவது, மென்பொருளின் கோப்புகள். இவற்றுள் சார்பு என்னும் குறிப்பே உயிர்நாடி. 'இம்மென்பொருள் இயங்க இன்ன நூலகம் இன்ன எண்ணோ அதற்கு மேற்பட்டதோ வேண்டும்' என்று அது கூறும். அக்கூற்று மெய்யாயின் நிறுவுதல் செவ்விதின் நடைபெறும். பொய்யாயின் ஒன்றை நிறுவ மற்றொன்று கெடும். ஆக்கியோர் தம் மென்பொருள் எவ்வெவற்றைச் சார்ந்தது என்று முதல் வெளியீட்டிலேயே எழுதி வைத்திலராயின், பொதி கட்டுவோர் அதனை ஊகித்தறிய நேரும். ஊகம் பிழைபடின் பழி ஆக்கியோரையே சாரும்.

7. வெளிவராத 1.0

டெபியனின் பதிப்பு வரிசையை நோக்குவோர்க்கு ஒரு விடுபாடு தோன்றும். 0.93க்கு அடுத்து நிற்பது 1.1, 1.0 என்பது அவ்வரிசையில் இல்லை. இதன் காரணம் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது.

1995ஆம் ஆண்டின் இறுதியில், டெபியன் ஆக்குவோர் நிரல்களின் இயக்க வடிவம் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறும் பெரும்பணியில் ஈடுபட்டிருந்தனர். அவ்விடைநிலைக் கோப்புகள் யாவரும் எட்டத்தக்க களஞ்சியத்தில், வரவிருக்கும் பதிப்பின் எண்ணாகிய 1.0 என்பதன் கீழ் வைக்கப்பட்டிருந்தன. குறுந்தகடு விற்கும் நிறுவனமொன்று அதனை முடிந்த வெளியீடென்று கருதி, 'டெபியன் 1.0' என்னும் பெயருடன் தகட்டிற் பதித்து விற்றது. அதனை வாங்கியோர் பொறியில் அது சரிவரத் தொடங்கவோ இயங்கவோ கூடியதன்று. அத்தகட்டில் உள்ளது டெபியனின் 1.0 வெளியீடன்று என்று டிசம்பர் மாதத்தில் அறிவிக்க நேர்ந்தது. அவ்வெண் கறைபட்டமையால் டெபியனார் அதனை முற்றிலும் கைவிட்டு, 1996 ஜூன் 17இல் 1.1 என்னும் எண்ணுடன் 474 பொதிகள் அடங்கிய பதிப்பினை வெளியிட்டனர்.

இதிற் குறை யாருடையது? முற்றுப்பெறாத நிரலைப் பொதுவிடத்தில் வைத்தது குறையன்று. அது திறந்த முயற்சியின் இயல்பு. முற்றுப்பெறாத ஒன்றிற்கு முற்றுப்பெற்றதன் பெயரை முன்கூட்டியே இட்டமையே கேட்டிற்கு வாயிலாயிற்று. எண்ணைக் கண்ட புறத்தார் அதனை நம்பினர். அவ்வாறு நம்புதற்கென்றே எண்கள் உள்ளன அல்லவா?

பின்னர் இக்குறை களையப்பட்டது. ஆக்கத்தில் உள்ள பதிப்பிற்கு எண் இடாது புனைபெயர் இடும் வழக்கம் ஏற்பட்டது. 1995இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' என்னும் திரைப்படத்தின் பாத்திரங்களிலிருந்து அப்பெயர்கள் கொள்ளப்பட்டன. எண் வெளியீட்டின்பொழுதே உரியதாயிற்று. என்றும் ஆக்கநிலையிலேயே இருக்கும் பகுதிக்கு, அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவன் பெயராகிய 'சிட்' என்பதே பெயர். பெயரைக் கேட்ட அளவில் எச்சரிக்கையும் கிடைத்துவிடுகின்றது. 2000ஆம் ஆண்டில் இடைநிலை ஒன்றும் சேர்க்கப்பட்டது. புதிய பொதி முதலில் நிலையாப் பகுதியில் நுழையும். சில நாள் கடும்பிழை எதுவும் காணப்படாதாயின் சோதனைப் பகுதிக்குச் செல்லும். அப்பகுதி உறுதிபெற்ற பின்னரே நிலைத்த பதிப்பாக வெளிவரும். விரைவை விரும்புவோர்க்கும் உறுதியை விரும்புவோர்க்கும் தனித்தனி வாயில் அமைந்தது.

8. எண்வரிசையும் பொதிக்கருவியும்

மக்கள் எண்ணைப் படிப்பதோடு பொதிக்கருவியும் எண்ணைப் படிக்கின்றது. இரண்டு எண்களுள் பெரியது எது என்று ஒப்பிட்டே அது புதுப்பிக்கின்றது. முன்வெளியீடு செய்வோர் பலர் இதனைக் கருதுவதில்லை. 1.0க்கு முன்னோட்டமாக வெளியிடுவதற்கு, 1.0 என்பதன் பின் சில எழுத்துகளைச் சேர்த்துப் பெயரிடுகின்றனர். மக்கள் அதனை 1.0க்கு முந்தியது என்று உணர்வர். கருவியோ, நீண்டது பெரியது என்னும் விதிப்படி, முன்னோட்டத்தை 1.0இனும் புதியதாகக் கொள்ளும். விளைவு யாதெனின், உண்மையான 1.0 வந்த பின்னரும் பயனர் பொறியில் முன்னோட்டமே தங்கிவிடும்.

இதனை நீக்கவே டெபியன் முறையில் அலைக்குறி (~) ஒன்று வகுக்கப்பட்டது. அக்குறியின் பின் வருவன யாவும் அதற்கு முன்னுள்ள எண்ணினும் சிறியனவாகக் கொள்ளப்படும். 1.0~1 என்பது 1.0க்கு முந்தியதாகும். எண்வரிசையே பின்னோக்கி மாறிவிட்டால் அதனைச் சரிசெய்ய ஊழி எண் என்று சொல்லத்தக்க மற்றோர் எண் தலைப்பில் இடப்படும். 2007 என்று ஆண்டால் எண்ணிட்டு வந்த மென்பொருள் ஒன்று 1.0 என்று மீண்டும் தொடங்குவதாகக் கொள்வோம். 1:1.0 என்று எழுதினாலன்றிக் கருவி அதனைப் புதியதெனக் கொள்ளாது. ஒருமுறை இட்ட ஊழி எண்ணைப் பின் எக்காலத்தும் நீக்கவியலாது. முதல் வெளியீட்டின்பொழுது ஒரு நாழிகை எண்ணிப் பாராதமையின் தழும்பு அம்மென்பொருள் உள்ளளவும் நிற்கும்.

9. காலவரையறை

எப்பொழுது வெளியிடுவது என்பதற்கு இரண்டு அளவைகள் உண்டு. குறித்த பயன்கள் நிறைவெய்தியதும் வெளியிடுதல் ஒன்று. குறித்த நாள் வந்ததும் அதுவரை நிறைவெய்தியவற்றை வெளியிடுதல் மற்றொன்று. முன்னதன் இடர்ப்பாடு, நாள் நீண்டுகொண்டே செல்லுதல். குனூ திட்டத்தார் 1990இல் தொடங்கிய ஹர்டு என்னும் கருப்பகுதி உயர்ந்த நோக்கங்களுடன் திட்டமிடப்பட்டது. அதன் 0.9 வெளியீடு வந்தது 2016 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் அதற்கென ஒதுங்கியிருந்த இடத்தை, குறைகளோடு முற்பட்டு வந்த லினக்ஸ் எய்தியது.

டெபியனும் இவ்விடர்ப்பாட்டினின்று தப்பவில்லை. 2002 ஜூலையில் வந்த 3.0 பதிப்பிற்கு அடுத்த பதிப்பு 2005 ஜூனிலேயே வந்தது. இவ்விடைவெளியில், 2004 அக்டோபரில், டெபியனின் பொதிகளையே அடிப்படையாகக் கொண்டு உபுண்டு தோன்றியது. ஆறு திங்களுக்கு ஒரு வெளியீடு என்பது அதன் முறை. ஆண்டும் மாதமுமே அதன் எண். முதற் பதிப்பு 4.10 எனப்பட்டது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு 6.04 என்னும் எண்ணைப் பெற வேண்டியது; நெடுநாள் பேணப்படும் பதிப்பாதலின் மேலும் செம்மை வேண்டி ஜூன் மாதத்திற்கு ஒத்திவைத்தனர். எண்ணும் 6.06 என்று மாறிற்று. நாள் தவறியதை மறைக்காது எண்ணே உரைத்தமை பாராட்டத் தக்கது.

10. பொதியும் மூலநிரலும் ஒத்தல்

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று பொதியாக்கத்தின் பொறுப்பைத் தெளிவுறக் காட்டுகின்றது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். பல இயங்குதளங்கள் அதனைச் சார்ந்துள்ளன. அதன் 5.6.0, 5.6.1 என்னும் வெளியீடுகள் 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வந்தன. அவற்றுள் தீநிரல் மறைந்திருந்தமை மார்ச்சு 29இல் வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடியளவு மிகுதியாகக் காலம் ஆதலைக் கண்ட பொறியாளர் ஒருவர் ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தார்.

தீநிரலின் ஒரு பகுதி, சோதனைக் கோப்புகள் போன்ற தோற்றத்துடன் யாவரும் காணும் களஞ்சியத்திலேயே இருந்தது. ஆனால், அதனை இயக்கிவிடும் வரிகள் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டிற்கெனக் கட்டித் தந்த கோப்பில் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தன. பலரும் களஞ்சியத்தைப் படித்தனர். பொதி கட்டுவோரோ வெளியீட்டுக் கோப்பினைக் கொண்டனர். இவ்விரண்டும் ஒன்றே என்னும் நம்பிக்கையின் இடைவெளியிலே தீமை புகுந்தது. டெபியனின் நிலையாப் பகுதியிலும் சோதனைப் பகுதியிலும் அது நுழைந்துவிட்டது. நிலைத்த பதிப்பை எட்டவில்லை. முன்னர்க் கூறிய படிநிலை அமைப்பு காப்பாக நின்றது. மூலநிரலினின்று அதே வெளியீட்டை எவரும் மீண்டும் கட்டிப் பார்த்து ஒப்பிடக் கூடியதாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையின் இன்றியமையாமையும் இதனால் விளங்கும்.

11. திட்டமிடும் முறை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், முதல் வெளியீட்டிற்கு முன் முடிவு செய்யத்தக்கவை இவை என்பது புலனாகும்.

முதலாவது, உரிமம். அது ஒரு தனிக் கோப்பாக, நன்கறியப்பட்ட உரிமங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, குறைந்த அளவு எது என்பது. முதல் வெளியீடு சிறிதாயினும், சொன்னவற்றுள் ஒன்றையேனும் உண்மையில் செய்துகாட்ட வேண்டும். ஒன்றும் இயங்காததைக் கண்டு எவரும் உழைக்க முன்வரார். மூன்றாவது, எண்முறை. பெரும்பதிப்பு, சிறுபதிப்பு, திருத்தம் என மூன்று இலக்கங்களாகப் பகுத்து, பழைய பயன்பாடு கெடும் மாற்றம் வருமாயின் முதல் இலக்கம் உயரும் என்று அறிவித்தல் இன்று பெருவழக்கு. எம்முறையைக் கொள்ளினும் அதனை எழுதி வைத்துப் பிறழாது ஒழுகல் வேண்டும். நான்காவது, சார்புகளின் பட்டியல். ஐந்தாவது, மாற்றக் குறிப்பு. முன் வெளியீட்டினின்று மாறியவை, அறிந்தும் திருத்தப்படாத பிழைகள் ஆகிய இரண்டும் அதில் இடம்பெற வேண்டும். ஆறாவது, எவ்வித மாற்றமுமின்றி ஒருவர் தம் பொறியில் கட்டிக்கொள்ளத்தக்க கட்டளைகள். ஆக்கியோரின் பொறியிலன்றி வேற்றுப் பொறியில் அவற்றைச் சோதித்தல் தலையாய கடமை. ஏழாவது, அடுத்த வெளியீட்டின் காலம். நாளாயினும் நிறைவாயினும் அளவை ஒன்றைக் குறித்தல் வேண்டும்.

எல்லாப் பொறிகளுக்கும் எல்லா வகைப் பொதிகளையும் ஆக்கியோரே கட்ட வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் தாம் நன்கறிந்த ஒரு வகையில் மட்டும் பொதியமைத்தல் போதும். ஏனையவற்றைப் பிறர் கட்டுதற்கு இடையூறின்றி, தூய மூலநிரலை ஒழுங்குபடத் தருவதே மேலான உதவி. பிறர் ஆக்கிய நூலகங்களைத் தம் நிரலுக்குள்ளேயே படியெடுத்து ஒளித்துவைத்தல் தவிர்க்கத் தக்கது. அந்நூலகத்திற் பிழை காணப்பட்டுத் திருத்தப்பட்ட பின்னரும், ஒளித்த படியில் அப்பிழை நின்றுகொண்டே இருக்கும்.

12. முடிபு

முன்வெளியீடு துணிவின் செயலென்பர் சிலர். பொறுப்பின்மையின் செயலென்பர் சிலர். அது இவ்விரண்டும் அன்று. குறையுள்ளதைக் குறையுள்ளது என்றே கூறி அளித்தலின் அது நேர்மையின் செயலாகும். 0.01 என்று பெயரிட்ட பதினாயிரம் வரிகள் பலரை ஈர்த்தன, வெளியிடப்படுமுன்னே 1.0 என்று எழுதி வைத்த ஆக்கமோ ஓர் எண்ணையே இழக்கச் செய்தது. இவற்றின் வேறுபாடு நிரலின் செம்மையில் இல்லை. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இயைபில் உள்ளது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் மரபினைக் கற்றோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. எந்த ஏட்டினை அடிப்படையாகக் கொண்டது, எங்கே ஏடு சிதைந்துள்ளது, எது பதிப்பாசிரியர் ஊகம் என்பவற்றைக் குறித்துச் சொல்லும் பதிப்பினையே நாம் நம்புகின்றோம். சிதைவினை மறைத்து நிரப்பியதை நம்புவதில்லை. தமிழாய்வு மாணவர் தம் ஆய்விற்கெனச் சொற்றொகுதியோ நிரலோ ஆக்குவாராயின், அதனை முற்றுப்பெறும் நாள்வரை தம்மிடமே வைத்திருத்தல் வேண்டா. சிறிய எண்ணிட்டு, உரிமம் சேர்த்து, குறைகளைப் பட்டியலிட்டு, பிறர் நிறுவத்தக்க பொதியாக்கி அளிப்பின், அதன் எஞ்சிய பணியைச் செய்தற்குரிய கைகள் தாமே வந்து சேரும்.